இரண்டாம் முறை அழைக்கப்பட்டவள்

கள ஆய்வுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் ஏதாவது பேசச் சொன்னார்கள். கேள்வியை எப்படிக் கேட்பது, படிவத்தை எப்படி நிரப்புவது என்பதெல்லாம் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். அதைத் திரும்பச் சொல்லி உங்களைத் தூங்கவைக்க எனக்கு விருப்பமில்லை. இருபத்தெட்டு வருஷம் அடுத்தவர் கதவைத் தட்டிக் கேள்வி கேட்டே பிழைத்தவள் நான். நிரப்பிய படிவங்களில் முக்கால்வாசி மறந்துபோயிற்று. ஒன்று மட்டும் மறக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வரும். ஆகவே கொஞ்சம் கோபமாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் கடைசியில் நடந்தது. எனக்கு இருபத்தாறு வயது. மட்டாஞ்சேரியில் பிறந்தவள். அப்பாவுக்கு நகராட்சியில் குழாய் பழுதுபார்க்கும் வேலை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். தமிழ் எழுத்தை நான் வாரப் பத்திரிகை பார்த்துத்தான் கற்றேன். அந்த இரண்டு மொழிதான் எனக்கு வேலை வாங்கித் தந்தது. பெண்கள் சிறை ஒன்றில் ஆராய்ச்சி நடத்த ஒரு குழு வந்திருந்தது. உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர், கட்டட வேலைக்கும் மார்க்கெட் கூலிக்கும் வந்து ஏதோ வழக்கில் மாட்டிக்கொண்ட தமிழ்ப் பெண்கள். அவர்களிடம் பேச ஆள் வேண்டியிருந்தது. சிறையின் பெயரைச் சொல்ல மாட்டேன். மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகு ஏறி, அக்கரையில் பஸ் பிடித்துப் போகிற தூரம் என்பது போதும்.

ஆராய்ச்சி எதைப் பற்றி என்று எனக்கு வேலை கொடுத்த மேற்பார்வையாளர் நேராகவே சொன்னார். நாங்கள் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவோம். "சிறையில் இருக்கும் பெண்களின் பாலியல் நடத்தை. கேட்கும்போது நீ வெட்கப்பட்டால் அவர்கள் பொய் சொல்லுவார்கள். வெட்கப்படுவாயா?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன். அதுதான் அந்த வேலையில் நான் சொன்ன முதல் பொய். எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டில் எல்லோரிடமும், என் கணவரிடமும்கூட, சுகாதார சர்வே என்று சொல்லிவைத்தேன்.

மேடம் நல்ல திட்டக்காரி. படிவத்தில் பெயர் கிடையாது, எண் மட்டும். யாரையும் பொறுக்கி எடுக்கக் கூடாது. பாய் விரித்துப் படுக்கும் வரிசைப்படி எல்லோரும் ஒரு முறை, ஒரே ஒரு முறை, உள்ளே வரவேண்டும். எல்லோரும் வந்து போனால் யார் என்ன சொன்னார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஏற்பாட்டில் ஓட்டையே இல்லை. ஓட்டை போட்டது நான்.

எங்கள் தொழிலில் ரீசெக் என்று ஒரு வழக்கம் உண்டு. உங்களுக்கும் இருக்கும். களத்துக்குப் போகாமல் மர நிழலில் உட்கார்ந்து படிவத்தைத் தன் கையாலேயே நிரப்பிவிடும் பிரகிருதிகள் எல்லாக் காலத்திலும் உண்டு. அவர்களைப் பிடிக்கத்தான், மேற்பார்வையாளர் சில பேரைத் திரும்பக் கூப்பிட்டு அதே கேள்விகளைக் கேட்பார். இன்னொன்றும் இருந்தது. கேட்டவருக்கே ஒரு பதிலில் சந்தேகம் என்றால் படிவத்தின் தலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போடலாம். மேடம் அதை மட்டும் போய்ச் சரிபார்ப்பார். இது வீட்டு சர்வேக்கு நல்ல ஏற்பாடு. பூட்டிய கதவுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு இது என்ன செய்யும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்களுக்குக் கொடுத்தது தறிக் கொட்டகையை ஒட்டிய நூல் அறை. கதவைச் சாத்திக்கொள்ளலாம், வெளியே ஒரு பெண் வார்டர் நிற்பாள். ஊர், வயது, பிள்ளைகள் என்று கேள்விகள் மெதுவாகத் தொடங்கும். முப்பதாவது கேள்விக்குப் பிறகுதான் விஷயம். சிறைக்கு வந்த பிறகு யாருடனாவது உடல் நெருக்கம் உண்டா என்பதை நான் மனப்பாடச் செய்யுள் ஒப்பிக்கிற வேகத்தில் கேட்பேன். வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு இல்லை என்பார்கள். நானும் நிம்மதியாக இல்லை என்று எழுதுவேன். அப்படியே பத்து நாள் ஓடியது. வேலை ரொம்பச் சுலபம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினோராவது நாள் பேச்சி வந்தாள். கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. எறணாகுளத்தில் சித்தாள் வேலை பார்த்தவள். குடித்துவிட்டு வந்து தினமும் அடித்த புருஷனை ஒரு நாள் திருப்பி அடித்தாள், அவன் எழுந்திருக்கவில்லை. ஆறு வருஷமாக உள்ளே இருந்தாள். மகள் ஒருத்தி, ஒன்பது வயது, கன்னியாஸ்திரிகள் நடத்தும் விடுதியில் வளர்ந்தாள். அடுத்த மாதம் ஆலோசனைக் குழு கூடப்போகிறது, நன்னடத்தை என்று சிறை சூப்பிரண்டு எழுதிக் கொடுத்தால் பேச்சி முன்கூட்டியே வெளியே போகலாம். இல்லாவிட்டால் இன்னும் எத்தனையோ வருஷம் கிடக்கவேண்டும், வெளியே வரும்போது மகளுக்கு அம்மாவின் முகம் நினைவிருக்காது. இதையெல்லாம் அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். சிரிக்கிற கைதியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அந்தக் கேள்வியை வழக்கம்போல் ஓட்டினேன்.

"மெல்லக் கேளுங்க டீச்சரே. பஸ்ஸு பிடிக்க ஓடுத மாதிரியில்லா கேக்கிய" என்றாள்.

மெதுவாகக் கேட்டேன்.

"உண்டு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பதில் வந்தால் அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்று படிவத்தில் இருந்தது. ஆனால் என் கண்ணுக்கு அந்த வரியே தெரியவில்லை. அவள் எனக்காகக் காத்திருந்தாள்.

"ரோசிலி. வைப்பின் தீவுக்காரி. அடுக்களையில சோறு வைக்காள்லா, அவதான். நாலு வருசமாச்சு."

"பெயர் வேண்டாம்" என்றேன்.

"பேரு இல்லாம எப்படி? அவ பேரு ரோசிலி. நான் சொன்னேன்னு எழுதிக்கிடுங்க."

கட்டாயப்படுத்தினாளா என்பது அடுத்த கேள்வி. பேச்சி வாய்விட்டுச் சிரித்தாள். "அவளா? எம் பக்கத்துல பாய விரிக்கவே ஒரு வருசம் யோசிச்சா. அவ பேசுத மலையாளம் எனக்குப் புரியாது, நான் பேசுதது அவளுக்குப் புரியாது. சாயா கொண்டாந்து வச்சிட்டுப் போயிருவா." அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "எம் புருசன் தொட்ட நாளெல்லாம் எனக்கு வலிதான். தொட்டாலே வலிக்கும்னுதான் நெனச்சிருந்தேன். வலிக்காமலும் ஒரு ஆளு தொடலாம்னு இங்க வந்துதான் டீச்சரே தெரிஞ்சுது."

நான் எழுதினேன். அவள் என் கழுத்துத் தாலிக்கயிற்றைப் பார்த்தாள். மஞ்சள் இன்னும் வெளுக்காத கயிறு.

"தப்பா நெனைக்காதிய. உங்களுக்கு வலிக்கா?"

அவள் குத்தலாகக் கேட்கவில்லை. அக்கா தங்கையிடம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். ஆனால் எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஏனென்றால் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. எட்டு மாதமாக அந்தப் பதிலை நான் யாரிடமும் சொல்லவில்லை, எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. "கேள்வி கேட்பது நான். நீங்கள் பதில் சொன்னால் போதும்" என்றேன், பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா மாதிரி. பேச்சி சரி என்று தலையாட்டிவிட்டு மிச்சக் கேள்விகளுக்கு ஒவ்வொரு வார்த்தையாகப் பதில் சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பும் படகில் அந்தப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். இவ்வளவு வெட்கமில்லாமல் ஒருத்தி சொல்வாளா, என்னைச் சீண்டிப் பார்த்திருக்கிறாள், இட்டுக்கட்டியிருக்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பையிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்துக் கோடு போட்டேன். பக்கத்தில் "பதில் மிகையாகத் தெரிகிறது, நம்பகமில்லை" என்று எழுதினேன். அந்தச் சிறையில் நான் போட்ட ஒரே சிவப்புக் கோடு அதுதான்.

இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கேட்கிற பதிலைக் கேட்டு நீங்கள் அதிர்ந்துபோகலாம். வாயடைத்துப் போகலாம். வீட்டுக்கு வந்து அழலாம். அதிலே தப்பில்லை. ஆனால் உங்களுக்குத் தாங்க முடியவில்லை என்பதற்கு, பதில் சொன்னவளின் தலையில் கோடு போடாதீர்கள். நம்பகமில்லை என்று நான் எழுதியது அவளைப் பற்றி அல்ல, என்னைப் பற்றி.

அடுத்த வாரம் மேடம் ரீசெக்குக்கு வந்தார். எண்ணைச் சொன்னார். அந்த எண் பாய் வரிசையில் யார் என்று பார்க்க, வார்டைக் கவனிக்கும் அதிகாரியான மேட்ரனுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நாற்பது பேருக்கு மேல் இருந்த அந்த வார்டில் பேச்சி ஒருத்தி மட்டும் இரண்டாம் முறை நூல் அறைக்குப் போனாள். மதியச் சோற்றுக்கு மணி அடிப்பதற்குள் வார்டு முழுக்க அது தெரிந்துவிட்டது. எங்கள் கேள்விகள் எதைப் பற்றியவை என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். ஒருத்தியை மட்டும் திரும்பக் கூப்பிட்டால், அவள் ஏதோ சொல்லியிருக்கிறாள் என்றுதானே அர்த்தம்? மேட்ரன் முடிச்சுப் போட்டுப் பார்த்தாள், அடுக்களைப் பக்கம் பார்த்தாள், நேரே சூப்பிரண்டிடம் போனாள்.

மூன்றாம் நாள் மேடத்தையும் என்னையும் சூப்பிரண்டு தன் அறைக்கு வரச் சொன்னார். பேச்சு முழுக்க மலையாளத்தில் நடந்தது, நான் தமிழில் சொல்கிறேன். மேசை மேல் ஆலோசனைக் குழுவுக்குப் போகவேண்டிய காகிதம் இருந்தது. பேச்சியின் நன்னடத்தைக் காகிதம். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

"இவளை மட்டும் ஏன் ரெண்டு தடவை கூப்பிட்டீங்க?"

"அது ஆய்வு முறை சம்பந்தப்பட்டது" என்றார் மேடம்.

"அவள் என்ன சொன்னாள்? அந்தத் தாளைக் காட்டுங்க. என் சிறையிலே அசிங்கம் நடந்தால் எனக்குத் தெரியணும்."

"காட்ட மாட்டேன். அவர்களுக்கு வாக்குக் கொடுத்துத்தான் கேட்டோம்."

மேடம் சொன்னது நியாயம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். எனக்கு அவர் மேல் பெருமையாகக்கூட இருந்தது. அப்போது சூப்பிரண்டு பேனாவைத் திறந்தார்.

"காட்ட வேண்டாம். காட்ட மாட்டேன் என்று சொல்றீங்க இல்லையா, அதுவே எனக்குப் போதும். ஒண்ணும் இல்லாத தாளை யாரும் மறைக்க மாட்டாங்க."

அவர் சொன்னது சரி. மேடம் மறுக்க மறுக்க, பேச்சி வாக்குமூலம் கொடுத்த மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. தாளைக் காட்டினாலும் அவள் போச்சு, காட்டாவிட்டாலும் போச்சு. மறுத்து எழுத அவர் பேனா காகிதத்துக்கு மேலே நின்றது. ஒன்பது வயது மகளின் முகத்தை நான் பார்த்ததில்லை, ஆனால் அந்த நிமிஷம் அவளைத்தான் நினைத்தேன். மேடம் ஆய்வு நெறி பற்றிப் பேசத் தொடங்கினார். எனக்கு ஒன்றே ஒன்றுதான் புலப்பட்டது. ரீசெக் என்பது பதில் சொன்னவளைப் பிடிக்க வந்த வழக்கமல்ல. கேட்டவளைப் பிடிக்க வந்தது.

"சார், அந்தத் தாளில் ஒன்றுமில்லை. நான் அவளிடம் அந்தக் கேள்விகளைக் கேட்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. வீட்டில் உட்கார்ந்து நானே எழுதிவிட்டேன். மேடம் அதைக் கண்டுபிடிக்கத்தான் அவளைத் திரும்பக் கூப்பிட்டார்" என்றேன்.

மேடம் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தார். சூப்பிரண்டு மேடத்தைப் பார்த்தார். "அதேயோ?", அப்படியா என்று கேட்டார். மேடம் தலையைக் குனிந்துகொண்டார். அது வெட்கத்தில் குனிந்த மாதிரியே இருந்தது.

சூப்பிரண்டு சிரித்துவிட்டார். அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. சந்தேகப்படுவார், துருவித் துருவிக் கேட்பார், பேச்சியைக் கூட்டிவரச் சொல்லுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். ஒன்றுமில்லை. ஒரே நொடியில் நம்பிவிட்டார். ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் பிரியமாக இருக்கிறாள் என்பதை நம்புவதைவிட, ஒரு பெண் வேலை செய்யாமல் ஏமாற்றினாள் என்பதை நம்புவது அவருக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. "இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். என் கண்ணெதிரிலேயே நன்னடத்தைக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் மேடம், "லலிதே, நீ சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆகவே நானும் பொய் சொன்னவள்தான். ஆனால் படிவத்தை இட்டுக்கட்டினேன் என்று எழுதிக் கொடுத்தவளை நான் இனி வைத்துக்கொள்ள முடியாது. அது உனக்கே தெரியும்" என்றார். தெரியும் என்றேன்.

"இன்னொன்று" என்றார். "அவள் என்னிடமும் அதையேதான் சொன்னாள். ஒரு வார்த்தை மாறவில்லை. அந்தப் பெண்ணின் பெயரைக்கூடச் சொன்னாள். நீ எதற்காகச் சிவப்புக் கோடு போட்டாய் என்று எனக்கு இன்னும் புரியவில்லை."

மேடம் நான் நிரப்பிய பேச்சியின் படிவத்தையும் தன் ரீசெக் தாளையும் குறுக்கே கோடு கிழித்துத் தள்ளுபடி செய்துவிட்டார். அறிக்கை வந்தபோது ஒரு தோழியிடம் வாங்கிப் பார்த்தேன். அந்தச் சிறையைப் பற்றி எழுதியிருந்த பக்கத்தில், கைதிகளுக்கிடையே அப்படிப்பட்ட உறவு எதுவும் தெரியவரவில்லை என்று இருந்தது. அச்சில் ஒரு வரி. ஆனாலும் பேச்சி வெளியே வந்துவிட்டாள், மகளோடு இருக்கிறாள் என்று கேள்விப்பட்டு மனதைத் தேற்றிக்கொண்டேன். உள்ளதைச் சொன்னால், கொஞ்சம் கர்வமாகவே இருந்தேன். வேலையைப் பறிகொடுத்து ஒருத்தியைக் காப்பாற்றியவள் அல்லவா நான்!

இரண்டு வருஷம் ஒரு வாசனைச் சரக்கு ஏற்றுமதி அலுவலகத்தில் டைப் அடித்தேன். பிறகு இன்னொரு நிறுவனம் ஆள் எடுத்தபோது, பழைய கதை தெரியாத இடமாகப் பார்த்துக் கள வேலைக்குத் திரும்பினேன். எண்பதுகளின் நடுவில், பண்டசாலைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு இருமல், மூச்சுத்திணறல் உண்டா என்று கேட்டு எழுதும் வேலை வந்தது. யூதர்கள் குடியிருந்த ஜூ டவுன் பக்கம் ஒரு சுக்குப் பண்டசாலைக்குப் போனேன். வரிசையாகத் தரையில் உட்கார்ந்து சுக்கு தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டியிருந்த ஒருத்தி, துணியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"டீச்சரே" என்றாள்.

பேச்சி! தலை பாதி நரைத்திருந்தது. நன்றி சொல்லப் போகிறாள் என்று எதிர்பார்த்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பண்டசாலைக்கு வெளியே, கைவண்டிகள் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப்போனாள். அவள் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இல்லை.

"நான் சொன்னது பொய்யா டீச்சரே?"

"என்ன?"

"நீங்க எழுதிக் குடுத்தியள்லா. ஒருத்தியும் ஒண்ணும் சொல்லல, நானாத்தான் எழுதினேன்னு. அத மேட்ரன் எல்லாரையும் வரிசையா நிப்பாட்டி வச்சு வாசிச்சா. கேட்டியா, இவிடெ அப்படி ஒண்ணும் இல்ல, அந்தத் தமிழ் டீச்சர் புளுகியிருக்கான்னு. ரோசிலி எனக்குப் பக்கத்துலதான் நின்னா."

எனக்கு முதலில் புரியவில்லை. பேச்சி பொறுமையாகச் சொன்னாள். அன்று நூல் அறையிலிருந்து திரும்பியதும் அவள் நேரே அடுக்களைக்குப் போய், உன் பேரை ஒரு வெளியாளிடம் சொல்லிவிட்டேன், எழுதிக்கொண்டாள் என்று ரோசிலியிடம் சொல்லியிருக்கிறாள். ரோசிலி அன்று முழுக்கப் பாடிக்கொண்டே சோறு வடித்திருக்கிறாள். அண்ணன் செய்த கொலையில் தானும் மாட்டி ஆயுள் தண்டனை வாங்கியவள் அவள். வெளியே அவள் பெயரைச் சொல்ல ஒரு நாதி இல்லை. அப்படிப்பட்டவளுக்குத்தான், என் கையெழுத்தோடு, யாரும் உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று வாசித்துக் காட்டியிருக்கிறார்கள்.

"ரெண்டாவது தடவ கூப்பிட்டப்ப நான் மாத்திச் சொல்லிட்டேன்னு நெனச்சிட்டா. விடுதலைக்காக அவள இல்லைன்னுட்டேன்னு. நான் எவ்வளவோ சொன்னேன். பின்ன எங்ஙன உனக்கு ரிலீஸ் கிட்டின்னு ஒரே கேள்விதான் கேட்டா. அதுக்கு நான் என்ன சொல்லட்டும்? நான் வெளிய வந்த அன்னைக்கு அவ அடுக்களைய விட்டு வரல. வாசல்ல நின்னு கூப்பிட்டேன். வரல." பேச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "உள்ள கெடந்தவளுக்கு, சொந்தமும் இல்லாதவளுக்கு, பாக்க மனு குடுக்க முடியாதுங்காவ. மோள விட்டுக் கடிதாசு எழுதிப் போடுதேன். மாசா மாசம். மலையாளத்துல எழுதுவா அவ. ஒரு பதிலும் இல்ல."

அவளை வெளியே கொண்டுவந்தது என் பொய். அவள் வாழ்க்கையில் வலியில்லாமல் இருந்த ஒன்றைப் பொய்யாக்கியதும் அதே பொய். இரண்டும் ஒரே தாளில், என் கையெழுத்தில். அன்று அந்த அறையில் வேறு என்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றுவரை யோசித்துப் பார்க்கிறேன், எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தப் படகில் என்ன செய்திருக்கலாம் என்று நன்றாகத் தெரியும். பென்சிலைப் பையிலேயே விட்டிருக்கலாம். அதற்குப் பிறகாவது அடுத்த மாதமே உள்ளே போய் அந்த இரண்டு பெண்களிடமும் விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். நான் செய்த தியாகத்தின் பெருமையில் அதுகூடத் தோன்றவில்லை.

"நீங்க போயி அவகிட்ட சொல்லுங்க டீச்சரே. நீங்க சொன்னாத்தான் நம்புவா" என்றாள் பேச்சி.

அந்தச் சிறையில் சூப்பிரண்டு மாறியிருந்தார், மேட்ரனும் மாறியிருந்தாள். இரண்டு மனுக்கள் திரும்பி வந்தன. மூன்றாவது மனுவுக்கு அனுமதி கிடைத்தது. பேச்சியும் கூட வந்தாள். வாசலுக்கு வெளியே சாலையோரம் உட்கார்ந்துகொண்டாள். நான் மட்டும் உள்ளே போனேன்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ரோசிலி வந்து நின்றாள். நான் அவளிடம் பேசியதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. மலையாளக்காரிகளைக் கேட்ட எங்கள் குழுவின் வேறொருத்தியிடம், படிவ வரிசையில் அவளும் ஒருத்தியாக வந்து, இல்லை, இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பாள். உயரமான, ஒல்லியான பெண். கையில் தீக்காயத் தழும்புகள். நான் யார் என்று சொன்னதும் திரும்பிப் போகப் பார்த்தாள். நான் அவசர அவசரமாக, மலையாளத்தில், எல்லாவற்றையும் கொட்டினேன். பேச்சி சொன்னது, நான் கோடு போட்டது, சூப்பிரண்டின் பேனா, நான் எழுதிக் கொடுத்த பொய், ஒன்றையும் விடவில்லை.

அவள் அசையாமல் கேட்டாள். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ரெண்டாமதும் அவள் பறஞ்ஞோ?"

இரண்டாம் முறை கேட்டபோதும் பேச்சி சொன்னாளா என்பதுதான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது. அந்த இரண்டாம் முறையை உண்டாக்கியவள் நான். பஸ் நிறுத்தத்தில் மேடம் சொன்னதை அப்படியே சொன்னேன். சொன்னாள், ஒரு வார்த்தை மாற்றவில்லை, உங்கள் பெயரையும் சொன்னாள்.

ரோசிலி வலையைப் பிடித்துக்கொண்டாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பிறகு, யாரோ அடித்துவிட்ட மாதிரி ஒரு குரலில், "வந்ந கத்தெல்லாம் ஞான் அடுப்பிலிட்டு, டீச்சரே. ஒந்நும் வாயிச்சில்ல" என்றாள். வந்த கடிதங்களையெல்லாம், ஒன்றையும் வாசிக்காமல், சோறு வைக்கிற அடுப்பில் போட்டிருக்கிறாள்.

நேரம் முடிந்தது என்று வார்டர் வந்தாள். நான் வெளியே வந்தேன். பேச்சி எழுந்து ஓடிவந்தாள். என்ன சொன்னாள் என்று கேட்டாள். அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. கேட்டால் உடைந்துபோவாள் என்று பயமாக இருந்தது. ஆனால் அவளுக்கு எது தாங்கும், எது தாங்காது என்று நானே முடிவுகட்டியது அதுவரைக்கும் போதும். அடுப்பையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன்.

"அடுப்புலயா?" என்றாள். "எல்லாமா?"

"எல்லாம்."

பேச்சி சிறை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சேலையைத் தட்டிவிட்டு, பஸ் வரும் பக்கமாக நடக்கத் தொடங்கினாள்.

"வாங்க டீச்சரே. மோள் ஸ்கூல் விட்டு வந்திருப்பா. முதல் கடிதாசுலேர்ந்து எழுதணும்."